கோவித்துக்கொண்ட வாக்குகள்

அருள்நாயகத்துக்குத் தேர்தல் என்றால் கலியாண வீடு மாதிரி. யார் வந்தார், யார் வரவில்லை, யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் நின்றார் என்பதுதான் அவருடைய அரசியல். கனடாவின் ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜனார்த்தன் முதன்முதல் மாகாணசபைக்கு நின்ற நாள் தொடக்கம் அவனுக்காகக் கதவு தட்டியவர். ஜனார்த்தன் இரண்டு முறை வென்றான். இரண்டு முறையும் ஒரே வாக்குறுதிதான்: வெக்ஸ்போர்ட்டில் முதியோர் பராமரிப்பு இல்லம், அதில் ஒரு மாடி முழுக்கத் தமிழ் பேசும் தாதிமார்.

அந்த மாடிதான் அருள்நாயகத்தின் உயிர்மூச்சு. மனைவி அன்னத்துக்கு மறதி நோய். முதலில் மறந்தது ஆங்கிலம். ஒரு காலத்தில் வங்கிக்காரனோடு ஆங்கிலத்தில் சண்டை பிடித்து நியாயம் கேட்ட மனுசி, இப்போது தமிழ் மட்டும்தான், அதுவும் அரைகுறை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜனார்த்தன் மறுபடி வென்றால் மாடி வரும், அன்னம் அங்கே போவாள். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

பொதுத்தேர்தலுக்கு முன் ஒரு மண்டபத்தில் கட்சிக்குள் வேட்பாளர் தெரிவு நடந்தது. ஜனார்த்தனை எதிர்த்து துவாரகா என்றொரு பல்கலைக்கழகப் பிள்ளை நின்றாள். ஒரு நோட்டீஸ் அடிக்கவில்லை, வந்தவர்களுக்குத் தின்ன ஒரு ரோல்ஸ்கூடக் கொடுக்கவில்லை. இருந்தும் வாக்களித்த அங்கத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அவளுக்குப் போட்டார்கள். அவள் வெல்லவேண்டும் என்று போட்டவர்கள் குறைவு. ஜனார்த்தனின் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லவேண்டும் என்று போட்டவர்களே அதிகம். மாடி எங்கேயடா என்பதுதான் அவர்களின் கேள்வி.

பிரசாரத்துக்குப் பொறுப்பான நிசாந்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, உது சும்மா கோவம். உவையள் மற்றக் கட்சிக்கே போடப்போகினம்? நீங்கள் ஒருக்கா வீட்டை போய்க் கதையுங்கோ, எல்லாம் சரிவரும்."

அருள்நாயகம் அதை நம்பினார். கலியாணத்துக்கு முன் கோவித்துக்கொண்ட சொந்தத்தை வீடு தேடிப் போய்க் கூப்பிடுவது நம் வழக்கம். இருந்து, தேத்தண்ணி குடித்து, "நீங்கள் வராமல் சபை நிறையுமோ?" என்று ஒரு சொல் சொன்னால் போதும், முறுக்கிக்கொண்டு நின்ற மாமன் தாலிகட்டுக்கு முன்வரிசையில் இருப்பார். வாக்கும் அப்படித்தான் என்று நினைத்தார் மனுசன். துவாரகாவுக்குப் போட்டவர்களில் அநேகம் பேரை ஊருக்கே தெரியும். அவர்களே சொல்லித் திரிந்தார்கள்.

அவர்களில் ஒருவரான அமிர்தநாதர் வீட்டில் அருள்நாயகம் நெடுநேரம் இருந்தார். அமிர்தநாதரின் தாய் போன வருடம் ஒரு இல்லத்தில் காலமானவர்.

"கடைசி மாசம் அம்மா என்ன கேட்டா எண்டு அங்க ஒருத்தருக்கும் விளங்கேல்ல, அருள்," என்றார் அமிர்தநாதர். கத்தவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. வெளிக்கிடும்போது வாசல்வரை வந்து, "ஓம், ஓம், கட்டாயம் வாறம்," என்றார்.

எல்லா வீட்டிலும் அதே பதில்தான். அருள்நாயகம் நிசாந்தனிடம் போய், எங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம், அந்தப் பக்கம் யோசிக்காதை என்றார். அவனும் கார்களையும் தொண்டர்களையும் வேறு தெருக்களுக்கு அனுப்பினான்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இதே அருள்நாயகம் எத்தனை அரங்கேற்ற அழைப்பை இரண்டு கையாலும் வாங்கி, கட்டாயம் வாறம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தவர்! நம் சனம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லாது. அது தெரிந்த மனுசன், அன்னத்தை நினைத்து, தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டார்.

தேர்தலன்று அமிர்தநாதரைக் கூட்டிப்போகக் காரோடு போனார். அவர் முற்றத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். "மழை வரும்போல கிடக்கு. உந்தப் புல்லை முடிச்சுப்போட்டு வாறன், நீ போ," என்றார். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

ஜனார்த்தன் தோற்றான். போன முறையைவிட எதிர்க்கட்சிக்கு வாக்குப் பெரிதாகக் கூடவில்லை. இவனுடைய வாக்குகள்தான் வீட்டிலேயே இருந்துவிட்டன. கோவித்தவன் எதிரிக்குப் போய்ப் போடவேண்டும் என்று என்ன சட்டமா இருக்கிறது? வேட்பாளர் தெரிவன்று மண்டபம்வரை வந்து எதிர்த்துப் போட்டவர்கள் முன்பு அவனுக்காக ஓடித் திரிந்தவர்கள். அவர்களே விட்டுவிட்டார்கள் என்றால், வாயே திறக்காமல் விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்? அன்றைக்கே அந்த மண்டபத்தில் கதை முடிந்துவிட்டது.

அடுத்தநாள் காலை மகள் ரோகிணி தாய்க்குத் தலை இழுத்துச் சீவிக்கொண்டிருந்தாள். தாயைப் பார்ப்பதற்காகவே வேலையைக் குறைத்துக்கொண்டு அவர்களோடு இருப்பவள்.

"அப்பா, நானும் துவாரகாவுக்குத்தான் போட்டனான். நேற்று நான் போகவேயில்லை."

"அம்மாவின்ர அலுவல் எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சபடியாத்தான். இவவைக் காட்டிக் காட்டி ரெண்டுதரம் எங்களிட்ட வாக்கு வாங்கிப்போட்டினம். மூண்டாம்தரமும் என்னால ஏலாது, அப்பா. ஐ'ம் டன்."

ஊரெல்லாம் கதவு தட்டியவர் சொந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதுதான் அவரைக் கொன்றது. ஜனார்த்தன் வென்றிருந்தாலும் மாடி வந்திருக்காது என்று அவருக்கும் உள்ளுக்குள் தெரியும்.

இலை கொட்டும் காலத்தில் நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில், ஒரு இல்லத்தில் கட்டில் கிடைத்தது. வேண்டாம் என்றால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். அன்னத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சுவரில் ஒட்டிவைக்க, அன்னம் கேட்கக்கூடிய நாலைந்து தமிழ்ச் சொல் சொல்லுங்கள் என்று தாதி ரோகிணியிடம் கேட்டாள். நல்ல பிள்ளை. அருள்நாயகம் சொல்லச் சொல்ல ரோகிணி ஆங்கில எழுத்தில் எழுதினாள். தண்ணி. நோகுது. குளிருது. பிறகு கொஞ்சம் யோசித்து, "இஞ்சாருங்கோ" என்றார்.

அதற்கு என்ன கொடுக்கவேண்டும் என்று தாதி கேட்டாள். ரோகிணி தகப்பனைப் பார்த்தாள்.

"அது என்னைக் கூப்பிடுறது," என்றார் அருள்நாயகம். "அதுக்கு அவை ஒண்டும் குடுக்கேலாது எண்டு சொல்லு, பிள்ளை."