வாசலில் கழற்றிய சப்பாத்து

எனக்குச் சும்மா இருக்க வராது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்குக் கை ஓய்ந்தால் மனம் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சனிக்கிழமை கூதனோ ஆற்றங்கரையில் வந்து இறங்கியதிலிருந்து, புட்டுச் சட்டியைத் திறப்பதும் மூடுவதும், படுக்கைப் பையை விரிப்பதும் சுருட்டுவதுமாக நின்றேன். மகளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அம்மா, கொஞ்சம் இருங்கோவன்," என்றாள்.

எப்படி இருப்பது? திங்கட்கிழமை அவள் ராணுவத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த டேனிஷ் நாட்டில் பதினெட்டு வயதானால் பெடியன்களைக் கூப்பிட்டு, உடம்பைச் சோதித்துச் சீட்டு இழுக்க வைப்பார்கள். இப்போது பெண்பிள்ளைகளுக்கும் அது வந்துவிட்டது. மகளுக்கு விழுந்தது போகத் தேவையில்லாத இலக்கம். நான் மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, நாங்கள் இருக்கிற பிராண்டேயில் தெரிந்த சனம் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே அவள், தான் விரும்பியே போகப்போவதாகச் சொன்னாள். கணவர், "அவளின்ரை விருப்பம்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காற்றாலைத் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அந்த மனிதருக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு ஷிப்ட் இருக்கும்.

சட்டப்படி என் சம்மதம் அவளுக்குத் தேவையில்லை. "நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் போகமாட்டன்," என்றாளே, அதுதான் என்னை அலைக்கழித்தது. எதிர்த்துக்கொண்டு போயிருந்தால் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். இவளோ முடிவை என் தலையில் கட்டிவிட்டு, ஓர் இரவு வெளியில் தங்குவோம், அங்கே வைத்துக் கதைப்போம் என்று சில்க்போர்க்குக்கு அப்பால் கூட்டிவந்திருந்தாள்.

ஆற்றோரமாக ஒரு பழைய பாதை போகிறது. ரயில் வருவதற்கு முந்திய காலத்தில், சாமான் ஏற்றிய படகுகளை மனிதர்கள் மார்பில் வார் மாட்டிக் கரையில் நடந்தபடியே இழுத்த பாதையாம். அறிவிப்புப் பலகையில் படம் இருந்தது. எல்லாருக்கும் முதுகு வளைந்து, முகம் தரையைப் பார்த்தபடி இருந்தது. மகள் நின்று வரி வரியாக வாசித்தாள். எனக்குப் பொறுமை இல்லை, முன்னே நடந்துவிட்டேன். அவள் பின்னால் ஓடிவந்து சேர்ந்ததும் கேட்டேன்.

"ஆமி எண்டால் என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

அவள் டேனிஷில் பதில் சொன்னாள். இது அந்த ஆமி இல்லை, இது எங்களுடைய நாடு, யாராவது காவல் நிற்கத்தானே வேண்டும் என்றாள். 'எங்களுடைய' என்ற சொல் அவளுக்கு எவ்வளவு இலேசாக வருகிறது! எனக்கு ஆமி என்றால், இங்கே வருமுன் ஊரில் ஷெல் விழுந்த ஒரே ஒரு சத்தம்தான். அவள் வயதில் நான் நடுச்சாமத்தில் அந்தச் சத்தத்துக்கு எழும்பி ஓடியவள். செருப்பைத் தேட நேரம் இருக்கவில்லை. மடுக் கோயில் வரைக்கும் காட்டுப் பாதையில் வெறுங்காலோடு போனேன். இது அவளுக்குத் தெரியாத கதை இல்லை. எப்போது சொன்னாலும் என் கையைப் பிடிப்பாள். அன்றும் பிடித்தாள், ஆனால் பேச்சை மாற்றவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

நாங்கள் தங்கிய இடம் மூன்று பக்கம் பலகையும் முன்பக்கம் திறந்த வெட்டையுமாக இருந்த ஒரு மரக்கொட்டில். மகள் சப்பாத்தோடு ஏறப் பார்த்தாள்.

"வெளியிலை கழட்டிப்போட்டு ஏறு."

"அம்மா, இது வீடில்லை."

"படுக்கிற இடம் எண்டால் வீடுதான்."

முணுமுணுத்துக்கொண்டு கழற்றினாள். புதுத் தோல் சப்பாத்து. நீண்ட நடைக்குக் காலைப் பழக்க வேண்டும் என்று தன் காசில் வாங்கியது. அதையும் என்னுடையதையும் வாசலில் வரிசையாக வைத்தேன். வாசல் என்று அங்கே ஒன்றுமில்லை, புல்தான். ஆனால் சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. இனி ஓடத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது அப்படித்தான்.

விடிந்து பார்த்தால் அவளுடைய சப்பாத்தில் ஒன்றைக் காணோம். பக்கத்துக் கொட்டிலில் இருந்த டேனிஷ்காரர், நரியின் வேலை என்றார். இந்தப் பக்கத்து நரிகளுக்குச் சப்பாத்து என்றால் உயிராம், விஷயம் தெரிந்த யாரும் வெளியே விடுவதில்லையாம். என்னுடையதை நரி முகர்ந்தும் பார்த்திருக்காது.

மகள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. அவள் பாதைப் பக்கம் தேடப் போக, நான் ஆற்றோர நாணலுக்குள் இறங்கினேன்.

தண்ணீர் விளிம்பில் கிடந்தது. சப்பாத்தின் நாக்கைக் கடித்து வைத்திருந்தது நரி. காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆறு கொண்டுபோயிருக்கும். சப்பாத்துப் போனால் ராணுவமும் போய்விடுமா என்ன? விசர் நினைப்புத்தான். ஆனாலும் நினைத்தேன், காலைத் தூக்கியும்விட்டேன்.

அப்போதுதான் மேலே பாதையில் அவளைக் கண்டேன். கூழாங்கல்லில் வெறும் காலுறையோடு, ஒவ்வோர் அடிக்கும் முகத்தைச் சுளித்தபடி வந்துகொண்டிருந்தாள். நிற்கவில்லை. என் பிள்ளை வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடும் பட்டேன்!

"இஞ்சை கிடக்கு, வா," என்று கத்தினேன்.

கரையில் அவளை இருத்தி, சப்பாத்தை உதறித் துடைத்து, நானே மாட்டிவிட்டேன். ஈரக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

"பிள்ளை."

"ஓம்."

"ஆமியிலை போய்ப் படுக்கேக்கை சப்பாத்தைக் கழட்டாதை."

அவள் என்னையே பார்த்தாள். விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் கட்டிய முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் கட்டினேன்.