வயர்லெஸ்காரனைப் பற்றி ஒரு வரி

வெங்காயம் உரிப்பது அந்த வீட்டில் அண்ணனின் வேலை. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு வெங்காயமாகத் தலையும் வாலும் நறுக்கி, தோலைத் தட்டில் தனியாகக் குவிப்பார். அறுபது வயதாகிறது. அவசரப்படுத்தினால், "நான் என்ன ஆபீஸுக்கா ஓடணும்?" என்பார்.

ஆபீஸுக்கு ஓடுகிறவள் தங்கை. கணவர் போன பிறகு ஒன்பது வருடமாக அண்ணனும் தங்கையும்தான் வீட்டில். அலமாரியில் இருக்கும் டப்பாக்கள் எல்லாவற்றிலும் பச்சை மையில் வாங்கிய தேதியும், அதற்குக் கீழே வாலைச் சுழித்துவிட்ட அவளுடைய சுருக்கொப்பமும் இருக்கும்.

"உப்புக்குமா தேதி? அது கடல்ல எத்தனை வருஷம் கிடந்துச்சுன்னும் எழுதிடேன்," என்று அண்ணன் கேலி செய்வார்.

ஆபீஸ் பழக்கம் அது. திரைப்படக் களஞ்சியம் ஒன்றை ஐந்து பாகங்களாக வெளியிடும் பதிப்பகத்தில் அவள் முப்பத்தொரு வருடமாகச் சரிபார்ப்பவள். எழுதுகிறவருக்குக் கறுப்பு மை, பதிப்பாசிரியருக்குச் சிவப்பு, சரிபார்ப்பவருக்குப் பச்சை. ஒவ்வொரு தகவலுக்கும் அச்சில் வந்த இரண்டு ஆதாரம் வேண்டும். இரண்டையும் அட்டையில் எழுதிப் பச்சையில் சுருக்கொப்பம் இட்டால்தான் வரி அச்சுக்குப் போகும். வாய்ச்சொல் ஆதாரம் ஆகாது. உறவினர் சொல் ஆகவே ஆகாது. அவள் கைக்கு வந்த எதுவும் தூசியோடு கீழே இறங்காது என்பதால், அங்கே அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

நான்காம் பதிப்புக்காகப் போர்ப் படங்களின் பக்கங்கள் வந்தபோது, அந்தப் படமும் வந்தது. வருடம் சரி. இசை சரி. நீளம் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம், சரி. கடைசியில் முப்பது வருடமாக அச்சாகிவரும் அந்த வரி இருந்தது: 'மேல்சாவடியில் பதினொரு வீரர்கள் மடிந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. உதவி கேட்க வேண்டிய வயர்லெஸ் ஊழியர் கருவியைப் போட்டுவிட்டு ஓடியதே தோல்விக்குக் காரணம்.'

அதை அவள் எப்போதும் போலத் தாண்டிப் போயிருப்பாள். இந்த முறை 'ஊழியர்' என்பதற்குப் பக்கத்தில் யாரோ கறுப்பு மையில் ஒரு பெயரைச் சேர்த்திருந்தார்கள், முதலெழுத்தோடு. வீட்டில் வெங்காயம் உரிக்கிறவரின் பெயர் அது.

அண்ணன் போரிலிருந்து திரும்பியபோது அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "அனுப்பினாங்க, இறங்கி வந்தேன்," என்றார் அண்ணன். அதற்கு மேல் பேச்சில்லை. நான்கு வருடம் கழித்துப் படம் வந்தது. அதில் வயர்லெஸ்காரனாக நடித்தவர் ஒரு சிரிப்பு நடிகர். காதுக்கருவியை வீசிவிட்டு, "ஓவர்! ஓவர்!" என்று கத்திக்கொண்டே மலைச்சரிவில் உருண்டு ஓடுவார். தியேட்டரே சிரித்தது. எந்தச் சாவடி, யார் வயர்லெஸ் என்று தெரிந்த பழைய சிப்பாய் ஒருவர் அதே தெருவில் இருந்தார். அது போதுமே. அண்ணன் கடைக்குப் போனால் பின்னாலிருந்து "ஓவர்" வரும். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் படம் பார்த்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பெண்ணின் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனான். நாலாவது வீட்டுக்கு அண்ணன் போகவில்லை.

பதிப்பாசிரியர் அவளைவிட இருபது வயது இளையவர். மரியாதை தெரிந்தவர்.

"இந்தப் பேரை எடுத்துடுங்க," என்றாள்.

"ஏன் மேடம், தப்பா?"

"பேரு சரிதான். வரிதான் தப்பு. அது எங்க அண்ணன்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "அப்ப நீங்க இந்தப் பதிவைத் தொடவே கூடாதே மேடம். விதி நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"ரெண்டு ஆதாரம் கொண்டுவந்தா?"

"கொண்டுவாங்க. ஆனா அந்தப் பக்கம் மூணு இருக்கு. படக் கம்பெனியே போட்ட விளக்கப் புத்தகம், ஒரு வார இதழ், போன வருஷம் வந்த போர் வரலாற்றுப் புத்தகம். வெள்ளிக்கிழமை பக்கம் முடியுது."

மூன்று நாள் விடுப்பு எடுத்து அரசு ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தாள். அண்ணனிடம், "ஆபீஸ் வேலையா அலைச்சல்," என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் நாள் மதியம் கீழ்முகாமின் தினப்பதிவேடு கிடைத்தது. யாரோ ஒரு எழுத்தர், அழகான கையெழுத்து. 'பிற்பகல் 4.10. மேல்சாவடி வயர்லெஸ் ஊழியர் நடந்து வந்து சேர்ந்தார். கருவியில் குண்டு பாய்ந்து பழுது. சாவடித் தலைவர் உத்தரவுப்படி உதவி கேட்டு நேரில் செய்தி கொண்டுவந்தார்.' அடுத்த வரி: '4.30. மேலிட அனுமதிக்குக் காத்திருப்பு.' அதற்கடுத்த வரியும் காத்திருப்புதான். அதற்கடுத்ததும். மறுநாள் காலைவரை அப்படியே.

அவள் அழவில்லை. நகல் கேட்டு விண்ணப்பம் எழுதினாள்.

ஒரு ஆதாரம்தான் ஆயிற்று. இரண்டாவது எங்கும் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்து மூன்றையும் சேர்த்து விரித்தபோது சல்லடையின் கண்ணில் ஒன்று பட்டது. பதிவேட்டில் மேல்சாவடியின் உயரம் 1,240 அடி. விளக்கப் புத்தகத்தில் 1,420. வார இதழிலும் 1,420. வரலாற்றுப் புத்தகத்திலும் 1,420. தனித்தனியாகப் போய் விசாரித்த மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழமாட்டார்கள். இதழ் விளக்கப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. வரலாற்று ஆசிரியர் எதைப் பார்த்து எழுதினார்? அடிக்குறிப்பைத் தேடினாள். அவர் சொன்ன மூலம், திரைப்படக் களஞ்சியம், முதல் பதிப்பு.

கிடங்கில் முதல் பதிப்பின் ஆதார அட்டைகள் வைத்த பெட்டி இருந்தது. அந்தப் படத்தின் அட்டையை எடுத்தாள். மூலம் ஒன்று: விளக்கப் புத்தகம். மூலம் இரண்டு: வார இதழ். கீழே பச்சை மையில், வாலைச் சுழித்துவிட்ட சுருக்கொப்பம்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். அவளுக்கு இருபத்துநாலு வயது. மறந்துபோயிருந்தாளா, மறக்கவைத்துக்கொண்டாளா என்று இப்போது சொல்வது கஷ்டம். அந்த வரியின் மீது பேனாவை வைத்தபோது கை நின்றது மட்டும் நினைவிருந்தது. நின்றுவிட்டு, பிறகு எழுதியது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் வரிசையாக நகலெடுத்து, அட்டையையும் சேர்த்துப் பதிப்பாசிரியர் மேசையில் வைத்தாள். அட்டை இல்லாமல் வாதம் நிற்காது.

அவர் முழுவதும் படித்தார். "பிரமாதம் மேடம். மூணும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம வரி தப்புன்னு நாமே எழுதணும்னா உங்ககிட்ட ஒரு ஆதாரம்தானே இருக்கு. அதுவும் கையெழுத்துப் பிரதி, அச்சில வந்ததில்ல. கொண்டுவந்ததும் தங்கச்சி." பேனாவை எடுத்துச் சிவப்பு மையில் பெயரை அடித்தார். 'ஓடியதே தோல்விக்குக் காரணம்' என்பதை அடித்துவிட்டு, 'ஓடியதாகக் கூறப்படுகிறது' என்று எழுதினார். "இது யாராலயும் மறுக்க முடியாத வரி. கூறப்படுதா இல்லையா?"

"கூறப்படுது," என்றாள்.

"அவ்வளவுதான். பச்சை போட்டுடுங்க."

போட்டாள்.

வீட்டுக்கு வந்து, அண்ணன் உட்கார்ந்திருந்த சமையலறை மேசையில் நகல்களை வைத்தாள். மூன்று நாளாக எங்கே போனாள் என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். பதிவேட்டு நகலைத்தான் முதலில் எடுத்தார். நாலு பத்து என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"நாலு பத்தா? நான் மூணரைன்னு நினைச்சிட்டிருந்தேன். வேகமா வந்ததா ஞாபகம்."

அடுத்து, திருத்திய பக்கம்.

"பரவாயில்லையே. முப்பது வருஷத்துல 'கூறப்படுகிறது' வரைக்கும் வந்தாச்சு. இன்னும் ஒரு முப்பது வருஷம் வெங்காயம் உரிச்சா ஓடாமலே இருந்திருப்பேன் போல."

அவளும் சிரித்தாள். இதோடு விட்டுவிடுவார் என்று தோன்றியது. அட்டை நகல் கடைசியில் இருந்தது. நடுவிலேயே அதை உருவியிருக்கலாம். உருவவில்லை. நகலில் பச்சை மை கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தார். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, மிளகு டப்பா. மறுபடி அட்டை.

"இந்தப் படம் எத்தனை நிமிஷம்னு பார்க்க ரெண்டு தடவை தியேட்டருக்குப் போனியே, ஞாபகம் இருக்கா? வாட்ச் வச்சுக்கிட்டு. விளக்கப் புத்தகத்துல ரெண்டு நிமிஷம் அதிகமா போட்டிருக்கான்னு வந்து அப்பாகிட்ட சொன்ன."

அவள் மேசையில் சிதறிய தோலைத் தட்டில் தள்ளினாள்.

"அப்ப நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்." குரல் உயரவில்லை. பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான். "ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே. நீயும் நம்பினியாம்மா?"

வெங்காயத் தோல் தட்டு நிரம்பியிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.