சும்மா டப்பா

செங்கல்பட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் குருவி மாதிரி கூவும் காலிங் பெல் வாங்கினேன். நான்தான் முதலில் அழுத்த வேண்டும் என்று, மாட்டிய எலக்ட்ரீஷியனைக்கூட அழுத்திப் பார்க்க விடவில்லை. அவர் படியிறங்கிப் போனதும், மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து அழுத்தலாம் என்று உள்ளே வந்தேன். அதற்குள் பெல் கூவியது. அந்தச் சத்தம் என்னை நேரே அச்சரப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே, சின்ன வயதில் நாங்கள் இருந்த வீட்டில் 'சும்மா டப்பா' என்று ஒன்று இருந்தது. மாதச் செலவு போக மிஞ்சும் சில்லறை அதில் விழும். டப்பா நிறையும்போது அக்காவும் நானும் மாறி மாறி ஏதாவது வாங்கலாம். அப்பா வைத்த சட்டம் ஒன்றுதான்: வாங்குவது வீட்டுக்குத் தேவையில்லாததாக இருக்க வேண்டும்.

என் முறைக்கு டார்ச் லைட் வாங்கினேன்.

"கரண்டு போனா தேவப்படுமே. இது எப்டி சும்மா கணக்குல வரும்?" என்று அப்பா சிரித்தார்.

அக்கா குருவி பெல் வாங்கினாள். பகலெல்லாம் திறந்தே கிடக்கும் கதவுக்கு பெல்! "இவளுக்குத்தாம்பா சும்மா வாங்கத் தெரியுது" என்று அப்பா தெருவையே கூப்பிட்டு அழுத்தச் சொன்னார். கரண்டு போனால் டார்ச்சை எல்லோரும்தான் எடுத்தார்கள். யார் வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மின்விசிறியைப் போடாமலே போய்க் கதவைத் திறந்தேன். அக்கா நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்குடி இந்தத் தண்டச் செலவு?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினாள்.