மரியாதை தெரிந்த காட்டேரி

1. முதல் வசனம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜாபர் பாய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பின்னால் இருந்த ஹாலில் நாலு டிவி போட்டு வீடியோ கேம் கடையும் நடத்தினார். பிளஸ் டூ முடித்துவிட்டு நான் பூத்துக்குத்தான் வேலைக்குப் போனேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் தோல் பதனிடும் ஷாப்பு வேலை நின்றுவிட்டது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. கேம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட, பாய் என்னைப் பின்பக்கம் அனுப்பினார்.

"ஸ்டெல்லா, சிடி போடத் தெரிஞ்சாப் போதும்மா. மத்ததெல்லாம் அவய்ங்களே வெளையாடிக்கிருவாய்ங்க."

முதல் நாளே சிக்கல். அங்கே கிராக்கி ஒரு கோட்டை கேமுக்குத்தான். வாளோடு ஒருவன் பாழடைந்த கோட்டைக்குள் போவான். எலும்புக்கூடு, ஓநாய் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறினால், அங்கே சிவப்புக் கவுன் போட்ட ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ரத்தம் குடிக்கிறவள். அந்த வரிசையில் வந்த எல்லா கேமுக்கும் அவள்தான் வில்லி. ஒன்றில் செத்தால் அடுத்ததில் எழுந்து வந்துவிடுவாள். கடையில் அவளுக்குப் பெயர் காட்டேரி. சண்டைக்கு முன்னால் நீளமாகப் பேசுவாள். எங்களிடம் இருந்ததோ ஜப்பான் சிடி, ஒரு எழுத்து ஒருவருக்கும் புரியாது.

விளையாடிக்கொண்டிருந்த பூட்டுப் பட்டறை முருகன் என் பக்கம் திரும்பினார். "யக்கா, இவ என்னதான் சொல்றா?"

எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஏலே, யாரைக் கேட்டு உள்ள வந்த? கொரவளையக் கடிச்சுத் துப்பிருவேங்கிறா."

ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து காட்டேரி வாயைத் திறந்தால் நான்தான் பேச வேண்டும். கதையையும் நானே கட்டினேன். கட்டின புருஷன் சொத்துக்காக அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டான், அதனால்தான் ஆம்பளை ரத்தமாகத் தேடிக் குடிக்கிறாள் என்று அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொடைரோட்டிலிருந்து ரயிலேறி வருவார்கள். விளையாடுவது ஒருவர், நின்று கேட்பது ஒரு கூட்டம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

2. மோகனா

கூட்டம் தாங்காமல் பாய் இன்னொரு பெண்ணையும் வேலைக்கு வைத்து, ஆளுக்கு ரெண்டு டிவி என்று பிரித்துக் கொடுத்தார். பெயர் மோகனா, ஒட்டன்சத்திரம் பக்கம். தலையை நிமிர்த்தாமல் பேசுவாள். "ஏனுங்கக்கா, சிடி லென்சை எதுலீங்க தொடைக்கறது?" என்று கேட்டாள். வாயில்லாப் பூச்சி, நமக்கு இடைஞ்சல் இல்லை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு முன்பக்கம் பூத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து வந்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மோகனா டிவியில் காட்டேரி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருக்கிறாள். மோகனா அதே மெல்லிய குரலில் பேசுகிறாள்:

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, செத்த உக்காருங்க. மொதல்ல நீங்க தண்ணி குடிங்க. அப்புறம் நான் குடிச்சுக்கறனுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கின எரிச்சல் இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது. நான் கத்திக் கத்திப் பயமுறுத்தியதை அவள் விருந்து உபசரித்தே செய்துவிட்டாள். சிரித்து முடித்தபிறகு பார்த்தால் லேசாக முதுகு சில்லிடும். அடுத்த ஞாயிறு என் டிவி முன்னால் காலி நாற்காலி கிடந்தது.

வயிறு எரிந்தது என்றால் சும்மா இல்லை, சோறு இறங்கவில்லை. நானும் 'ங்க' போட்டுப் பார்த்தேன். முருகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யக்கா, காட்டேரிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஹாலில் பாதியைத் தடுத்து கம்ப்யூட்டர் போடப் போகிறாராம். "கேமுக்கு ஒரு ஆளு போதும்மா. தீபாவளி வரைக்கும் பாப்போம். யாரு டிவிக்குக் கூட்டமோ அவங்க இருக்கட்டும்."

3. இங்கிலீஷ் சிடி

மதுரையிலிருந்து சிடி கொண்டுவருகிறவரிடம் அதே கேமை இங்கிலீஷில் கேட்டேன். காட்டேரி நிஜமாக என்ன பேசுகிறாள் என்று தெரிந்துவிட்டால் மோகனாவின் உபசாரம் அதோடு தீர்ந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், அவளுக்கு வராது. இதுதான் என் கணக்கு.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கூட்டம் நிறைந்திருந்தபோது சிடியைப் போட்டேன். முருகன் உச்சிவரை ஏறினார். காட்டேரி எழுந்தாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "வந்துட்டியா. உங்க பரம்பரையே பாவம் பண்ணுனது. இருட்டுக்கு முடிவு கிடையாது. செத்துப் போ."

அவ்வளவுதான். புருஷன் இல்லை, கிணறு இல்லை, வெயில் இல்லை, தண்ணீர் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை.

"இது நம்ம காட்டேரி இல்லக்கா. சத்தத்தைக் கொறச்சுட்டு மோகனாவப் பேசச் சொல்லுங்க" என்றார் முருகன்.

மோகனா என்னைப் பார்த்தாள். "அக்காவே பேசட்டுமுங்க."

அவள் திமிராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். விட்டுக்கொடுத்தாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். தீபாவளி கழிந்ததும், பூத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி பாய் என்னை நிறுத்திவிட்டார். தெரிந்தவரின் செல்போன் சர்வீஸ் கடையில் அவரே சொல்லி வைத்துவிட்டதால் வீட்டில் அடுப்பு அணையவில்லை.

4. கொடைரோடு

அங்கே தொழில் பழகி, சில வருஷம் கழித்துக் கொடைரோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். ஒருநாள் சார்ஜிங் பின் மாற்ற வந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க பஸ் ஸ்டாண்டு கேம் கடையில இருந்த காட்டேரி அக்காதான?"

"ஆமா தம்பி" என்றேன். முகமெல்லாம் பல் எனக்கு.

"'தண்ணி குடிங்க, அப்புறம் நான் குடிச்சுக்கறனுங்க'ன்னு சொல்வீங்களே. எங்க ரூம்ல இன்னும் சொல்லிச் சிரிப்போம். ஒரு தடவ சொல்லுங்கக்கா."

அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இல்லக்கா. அது வேற அக்கா" என்று சொல்லிவிட்டு போனை வாங்கிக்கொண்டு போனார்.

வயதானால் பொறாமை போய்விடும் என்கிறார்கள். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன், போகாது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் அவர் மாதிரிச் செய்யப் போகாதீர்கள். போனால் உங்கள் சரக்கை ஊரே மறந்துவிடும். என் காட்டேரி எப்படிப் பேசுவாள் என்று அந்தத் தம்பி கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கத்திக் காட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை.