இடது காது மடிந்த முயல்

எங்கள் பை கம்பெனியில் என் அண்ணிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால்தான் அவள் இவள் என்று எழுதுகிறேன். நேரில் மரியாதை குறையாது. பள்ளிப் பைகளில் நாங்கள் போடுகிற கார்ட்டூன் முயல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தைத்த துணித் துண்டின் பின்பக்கம் முத்திரை குத்துவது அவள் வேலை.

அந்த முயல் எங்கள் சொத்து இல்லை. அதை வைத்துப் படமெடுத்த கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கித்தான் பையில் போடுகிறோம். லைசென்ஸோடு தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகமும் வந்தது. ஒரு கன்னத்துக்கு மூன்று மீசை. பல் தெரியக்கூடாது. மடிந்திருப்பது எப்போதும் இடது காதுதான், ஏனென்றால் குட்டியாக இருந்தபோது கதவிடுக்கில் சிக்கிய காதாம் அது.

அண்ணிக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். மீசை நூலளவு நீண்டாலும் துண்டு திரும்பி வந்துவிடும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறாள் என்று தையல் பிரிவில் கரித்துக்கொட்டுவார்கள். வீட்டிலும் இதே கதைதான். என் அண்ணன் ஒருநாள் மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்தபோது, இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்று மறுபடி சலூனுக்கே அனுப்பிவைத்தாள்.

அப்படிப்பட்டவள் என் கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

நான் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறேன். பையின் இரண்டு பக்கமும் சின்னப் பாக்கெட் உண்டு. மற்ற பைகளில் பாக்கெட்டுக்கு ஓர் இலை தைப்போம்; இடது பாக்கெட் இலை இடப்பக்கம் சாய்ந்தால், வலது பாக்கெட் இலை வலப்பக்கம் சாய வேண்டும். அதற்காக மெஷினில் படத்தைத் திருப்பிப்போட ஒரு பட்டன் இருக்கிறது. வலது பாக்கெட் என்றாலே விரல் தன்னால் அங்கே போய்விடும். முயலுக்கு மட்டும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் காது மாறிவிடும். ஒரு திங்கட்கிழமை கரண்ட் போய் வந்தது. மெஷினை மறுபடி கிளப்பும்போது பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டேன்.

மெஷின் நின்று ஓடினால் முதல் துண்டை அண்ணியிடம் காட்டியாக வேண்டும்; அதில் முத்திரை விழுந்தால் மீதியெல்லாம் அப்படியே ஓடும். காட்டினேன். அவள் குழந்தையின் பள்ளிக்கூடத்தோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "உன் கைதானே" என்று சொல்லி, பார்க்காமலே குத்திக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு லைசென்ஸ் கம்பெனி அம்மா சரக்கைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு அண்ணி ஒரு பையோடு என் மெஷினருகே வந்து நின்றாள். வலது பாக்கெட் முயலின் காதில் விரலை வைத்தாள். மடிந்திருந்தது வலது காது. அதற்குள் எண்ணூறு பை பெட்டிக்குள் போயிருந்தது.

அண்ணி போய்ச் சொன்னதும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. லைசென்ஸ் போனால் முயல் பிரிவையே மூட வேண்டும், எழுபது பேர் வீட்டுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் கட்டிய நல்ல பெட்டிகளை முன்வரிசையில் அடுக்கச் சொன்னார். எந்த நாள் துண்டு எந்தப் பெட்டியில் என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணியிடம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளைத் தெரிந்த எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த அம்மா சின்ன ஸ்கேலோடு வந்தார். முதல் பெட்டியைப் பிரித்தேன். காது, மீசை, கண் எல்லாம் அளந்தார். இரண்டாவது பெட்டியும் சரி. பிறகு பின்வரிசைக்குப் போய் ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தார். நான் பிளேடோடு பின்னால் போனேன். முதலாளி அவசரமாக டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அந்த அம்மா வேண்டாமென்று தலையசைத்து, கையை எடுத்துக்கொண்டு, முன்னால் வந்து பேனாவைத் திறந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்," என்றாள் அண்ணி. "பின்னாடி இருக்கிறதெல்லாம் காது மாறிப்போச்சு. பாக்காம முத்திரை குத்தினது நான்."

மெஷினை ஓட்டியது யார் என்று அந்த அம்மா கேட்டார்.

"யார் ஓட்டினா என்ன மேடம்? முத்திரை என்னோடது."

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நாக்கு எழவில்லை. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அந்த அம்மா வெளியே போய் இருபது நிமிடம் ஃபோனில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியே அவர் உதடு அசைவதையே எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, லைசென்ஸ் இருக்கும் என்றார். நீங்களே சொன்னதால்தான் என்றார். பிரித்துத் தைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி கேட்டார். ஊசித்தடம் தெரியும், எண்ணூறையும் என் கண்ணெதிரே வெட்டிப் போடுங்கள் என்றார். கடைசியாக, இனி அண்ணியின் முத்திரை செல்லாது என்றார்.

அன்று மாலைவரை வெட்டினோம். அண்ணி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நான் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"சொல்லியிருக்கணும்தான்," என்றாள், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

மறுநாள் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, அண்ணிக்கு முத்திரையைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும், விடும்மா, என்றார். சறுக்கவிட்டது நான் சார் என்றேன். அவருக்கு என் மெஷின் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி இப்போது பிசிறு நூல் வெட்டுகிற மேசையில் இருக்கிறாள். முத்திரைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவரிடம் போகும் முன் முதல் துண்டை நான் அண்ணியிடம்தான் கொண்டுபோகிறேன். அது விதியில் இல்லை. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொள்கிறாள். மீசையை எண்ணுகிறாள், காதைப் பார்க்கிறாள், பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள். முத்திரை கையில் இருந்தபோது மற்றவர்கள் துண்டை ஒருமுறை பார்த்தவள், என் துண்டை இரண்டு முறை பார்க்கிறாள்.