குளியலறைச் சுவிச்சும் ஒரு நீளமான ஆணியும்

எழுபதுகளின் நடுப்பகுதி. நல்லூரில், கோயிலுக்குப் பத்து நிமிட நடைதூரத்தில், ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டாவது வருடம். முன்பாதியில் வீட்டுக்காரர் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், தனி ஆள், அளந்துதான் கதைப்பார். வீட்டுக்கு ஒரே ஒரு மெயின் சுவிச். அது அவருடைய பக்கத்தில் இருந்தது.

எங்கள் குளியலறை பின்விறாந்தையின் மூலையில். அதற்கான லைற் சுவிச் வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில். அந்தச் சுவிச்சோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போட்டால் எரியும், உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அணையும். சவர்க்காரம் போட்ட முகத்தோடு வெளியே வந்து ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி எரியும். முதலில் பல்ப்பை மாற்றினேன். பிறகு பல்ப் மாட்டும் ஹோல்டரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். கடைசியில் சுவிச்சிலேதான் பிழை என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்வது.

வீட்டுக்காரர், கறண்ட் வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார், வரச் சொல்கிறேன் என்றார். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவனாம், எனக்கு எதற்கு இன்னொருவன்? வீட்டுக்காரரிடம் சொல்லி மெயினை நிறுத்திவிட்டு, புதுச் சுவிச் ஒன்றை நானே பூட்டினேன். சுவிச் இருக்கும் மரக்கட்டையின் பழைய ஸ்குரூ துருப்பிடித்து உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக நீளமான ஆணி ஒன்றை அடித்தேன். சுவர் இறுகிக் கிடந்ததால் ஆணி முழுதாக இறங்கவில்லை. தலைப்பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கிடக்கட்டும் என்று விட்டேன். மெயினைப் போட்டுச் சுவிச்சை அமத்தினேன். லைற் பளிச்சென்று எரிந்தது. ஒரு கிழமைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டினேன்.

மழைக்காலம் பிடித்தது. கூடவே கந்தசஷ்டியும் வந்தது. என் மனைவி ஆறு நாளும் விரதம். விரதகாரர் தோய்த்து உலர்ந்த சீலைதான் உடுக்கவேண்டும். உலரப் போட்ட சீலையில் வேறு யாரும் முட்டக்கூடாது. முற்றத்துக் கொடியில் மழை. ஆகவே அவள் விறாந்தைக்குள்ளேயே தனக்கென்று ஒரு கம்பி கட்டிக்கொண்டாள். ஒரு முனை அவள் சமைக்கிற குசினியின் மர யன்னலில். மற்ற முனைக்கு வாய்ப்பாக நீட்டிக்கொண்டு நின்றது என்னுடைய ஆணி. கட்டும்போது நானும் பக்கத்தில் நின்று, "இழுத்துக் கட்டும்" என்று புத்தி வேறு சொன்னேன்.

இரண்டாம் நாள் காலையில் அவள் வந்து சொன்னாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் கம்பி கையிலை சுள்ளெண்டு கடிக்குது."

எனக்குச் சிரிப்பு. "உது கம்பியப்பா, கட்டெறும்போ கடிக்கிறதுக்கு? வெறும் வயித்திலை இருக்கிறீர், தலை சுத்துது போல."

அவள் விடாமல் நின்றாள். சரியென்று எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக் காட்டினேன். என் காலில் குளியலறைக்குப் போட்டுப்போகும் ரப்பர் செருப்பு. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

"பாரும். ஒண்டும் இல்லை."

அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தச் செருப்பை அவள் தொடமாட்டாள். கக்கூசுக்கும் போட்டுப்போகிற செருப்பை விரதகாரி முழுகிவிட்டு வந்து காலில் மாட்டுவாளா? விரதம் தொடங்கியதிலிருந்து வெறுங்காலோடுதான் நடந்தாள். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் கம்பியைப் பிடித்துக் காட்டிய அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

நான்காம் நாள். இரவு முழுக்கப் பெய்த மழையில் தூவானம் அடித்து விறாந்தைச் சுவரும் சீமெந்து நிலமும் ஊறிப்போய்க் கிடந்தன. நான் குசினிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். விறாந்தையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. என் மனைவியின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று நான் நினைத்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஈரச் சீலையோடு சேர்த்துக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். உடம்பு உதறுகிறது. கண் என்னைப் பார்க்கிறது. கை மட்டும் விடுபடவில்லை.

பாய்ந்து அவளை இழுக்கத்தான் போனேன். அந்தக் கணத்தில் எனக்கு விஞ்ஞானமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"தம்பி, ஆளைத் தொடாதையும்! கறண்ட்!"

பின்வளவில் பூசைக்குச் செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டு நின்ற வீட்டுக்காரர்தான். பூத்தட்டை எறிந்துவிட்டு, அறுபத்தைந்து வயது மனிதர், தன் பக்கத்து வாசலுக்கு ஓடினார். நான் நீட்டிய கையோடு நின்றேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் என் மனைவி செத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சில விநாடிதான் இருக்கும். அவர் மெயினை நிறுத்தினார். அவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

மூச்சு இருந்தது. உள்ளங்கையில் கம்பி கிடந்த இடம் கருகிக் கோடாகிவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைக்க இன்றும் கூசுகிறது. இரைக்க இரைக்க ஓடிவந்த அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினேன். "பழம் வயரைச் சுவரிலை வைச்சுக்கொண்டு ஆக்களைச் சாகக் கொல்லவோ வீட்டை வாடகைக்கு விட்டனீங்கள்?" அவர் ஒழுங்கை முனைக்குப் போய்க் கார் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வரை கூட வந்தார். அவள் தலைமாட்டில் அவர் நின்றபோதும் நான் முகம் கொடுக்கவில்லை.

டாக்டர், பயமில்லை, ஆனால் ஒரு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். மத்தியானம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் முன்பு சொன்ன அந்தக் கறண்ட் வேலை ஆள் வந்து சுவிச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். மரக்கட்டையைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஆணியைக் குறட்டால் இழுத்து எடுத்தார். நுனி கறுத்துப்போயிருந்தது. பின்னால் போன வயரின் ரப்பரை அது துளைத்திருந்தது. மழை ஈரமும் சேர, கறண்ட் நேரே கம்பிக்கு வந்திருக்கிறது.

"உந்த நீட்டாணியை ஆர் இதுக்குள்ளை அடிச்சது?" என்று அவர் கேட்டார்.

வீட்டுக்காரருக்கு யாரென்று தெரியும். மெயினை நிறுத்தித் தந்தவரே அவர்தானே. என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆர் அடிச்சாலென்ன, நீர் அதை ஒழுங்காப் பூட்டிவிடும்" என்று சொல்லிவிட்டு, பின்வளவில் சிந்திக் கிடந்த பூவைப் பொறுக்கப் போய்விட்டார். பின்னாலே போய் மன்னிப்புக் கேட்டேன். "முதலிலை ஆஸ்பத்திரியிலை கிடக்கிற பிள்ளையைப் போய்ப் பாரும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பேச்சு வந்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆணி நான் அடித்தது என்று சொன்னேன். அழுதுவிட்டேன். ஏசுவாள், நன்றாக ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை.

"இண்டைக்கும் கம்பியைத் தொட எனக்குப் பயமாத்தான் இருந்தது," என்றாள். "நீங்கள் ஒண்டும் இல்லையெண்டு சொன்னியள். அதை நம்பித்தான் பிடிச்சனான்."

கோபமே இல்லாமல் அவள் சொன்ன அந்த வார்த்தைதான் இத்தனை வருடமாகியும் என்னைச் சுடுகிறது. வீட்டில் யாராவது வந்து ஏதோ ஒன்று சரியில்லை என்று சொன்னால், 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வாய் உன்னும்போதே நான் எழுந்து போய்விடுகிறேன், அவர்கள் நின்ற இடத்தில் அவர்களைப் போலவே வெறுங்காலோடு நின்று பார்க்க.