சுவரில் எழுதிய எண்

டீ திரிந்துபோன காலையில்தான் அந்த யோசனை வந்தது. அம்மா பாலைத் திட்டினாள். எனக்குச் சந்தேகம் போர் தண்ணீர் மேல். வேதியியல் படித்துவிட்டு ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிறவள் நான். படித்தது எதற்காவது உதவட்டுமே! ஆன்லைனில் பேனா அளவில் ஒரு மீட்டர் வாங்கினேன். தண்ணீரில் நனைத்தால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும்; ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுமுன்பே தெருவில் இறங்கிவிட்டேன். வாசல் குழாய்களில் பிடித்து அளந்து, அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தந்தச் சுவரில் சிவப்பு சாக்பீஸால் எண்ணை எழுதினேன். 900. 1460. பக்கத்து வீட்டு அக்காவின் சுவரில் 2140. அக்காவுக்கு ஏழாம் மாதம்.

மதியம் வெளியே வந்தால் தெருவில் சத்தமே இல்லை. எல்லாரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா பீரோவை வாசலுக்கே இழுத்துவிட்டிருந்தார்.

“எத்தினி நாள் டைம் குடுத்துட்டுப் போனானுங்க?”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெரு ஏரிப் புறம்போக்கு. அடுத்த தெருவில் இப்படித்தான் ஒருநாள் அதிகாரிகள் வந்து சிவப்பில் எண் எழுதினார்கள். பின்னாலேயே வீடுகளை இடிக்க ஜேசிபி வந்தது.

“பெரிம்மா, நான்தான் எழுதினேன். தண்ணி நம்பர் அது.”

“நீயா? அடிப்பாவி! வா, பீரோவத் தூக்கு. படிச்ச கை தூக்குமா?”

சிரிக்கத் தொடங்கியது நான் மட்டும்தான். ஈரத்துணியால் எண்களைத் துடைத்தார்கள். துடைத்த இடமெல்லாம் சிவப்புக் கறை.

எங்கள் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை; எல்லார் வீட்டிலும் தோல் தொழில் போடும் சோறுதான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. இறங்கியதும் சூப்பர்வைசர் சிரித்தார்.

“இன்னாம்மா, தண்ணியெல்லாம் அளக்கிறியாமே? தையல மட்டும் பாரு. அம்மாவும் இங்கதான வேல செய்றாங்க?”

வீடு திரும்பியதும் மீட்டரைத் துணி மூட்டைக்குள் திணித்தேன். போதும், விட்டுவிடலாம்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். தன் வீட்டு எண்ணை மட்டும் அவள் துடைக்கவில்லை. அதன்மேல் முறத்தை மாட்டி மறைத்திருந்தாள்.

“தெருவுலயே என்துதான் ஜாஸ்தி. இதுல இன்னாடி கலந்திருக்கு?”

“மீட்டர் உப்பத்தான் சொல்லும்க்கா. வேற இருந்தா சொல்லாது.”

“வேற இருக்குமா?”

“தெரியலக்கா.”

வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைகிற சத்தம். எழுந்துபோய் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து என் பையில் வைத்தாள்.

“யார்னா கேட்டா கோயில் தீர்த்தம்னு சொல்லு.”

வயிற்றுவலி என்று நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். கம்பெனி பஸ் போன பிறகு வேலூர் பஸ்ஸைப் பிடித்து, பாட்டில்களைத் தண்ணீர் சோதிக்கும் லேபில் கொடுக்கப் போகிறேன். வருகிற எண்ணை எந்தச் சுவரிலும் எழுதமாட்டேன். முதலில் அக்காவின் காதில் சொல்வேன்.